பெருங்கணினியும் குறும்பரப்பு வலையமைப்பும்: திறனளவைக் கருவிகளின் வரலாறு

பெருங்கணினியில் குறும்பரப்பு வலையமைப்பின் திறனை அளக்கும் கருவிகள் என்பவை, மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினிக்கும் அதே வளாகத்திலுள்ள முனையங்கள், வழங்கிகள், மேசைக் கணினிகள் ஆகியவற்றுக்கும் இடையே தரவு எவ்வளவு விரைவாகவும் பழுதின்றியும் போய்வருகிறது என்பதைக் கண்டறியப் பயன்படும் வன்பொருள்களும் மென்பொருள்களும் ஆகும். வங்கி, காப்பீடு, பயணச்சீட்டு முன்பதிவு போன்று ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் பணிகளில் இவை இன்றியமையாதவை.

இக்கருவிகளின் வரலாற்றில் இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்று பெருங்கணினி நிறுவனங்களுக்குள் வளர்ந்தது. அது முனையத்தின் முன் அமர்ந்திருப்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை அளந்தது. மற்றொன்று ஈதர்நெட், இணையம் ஆகியவற்றின் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தது. அது கம்பி எவ்வளவு சுமக்கிறது என்பதை அளந்தது. 1980களின் பிற்பகுதியில் இரண்டும் ஒரே இயந்திர அறையில் சந்தித்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத இடங்களில் பழுது ஓரிடத்திலும் செலவு வேறோர் இடத்திலுமாகப் போயிற்று. இக்கட்டுரை அவ்விரு மரபுகளின் வளர்ச்சியையும், இந்தியச் சூழலில் அவற்றின் பொருத்தத்தையும் கூறுகிறது.

எவற்றை அளக்கிறோம்?

'வேகம்' என்று பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது மூன்று அளவுகள் அடங்கியுள்ளன.

முதலாவது கொள்ளளவு. ஒரு நொடியில் எத்தனை பிட்டுகள் கடந்துசெல்ல முடியும் என்பது இது. இரண்டாவது சுணக்கம். ஒரு சிறு செய்தி புறப்பட்டுச் சென்று பதிலுடன் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இது. மூன்றாவது மறுமொழி நேரம். பயனர் விசையை அழுத்தியதிலிருந்து திரையில் விடை தோன்றும் வரை உள்ள மொத்த நேரம் இது. வலையமைப்பின் நேரம், கணினியின் நேரம், வட்டிலிருந்து தரவை எடுக்கும் நேரம் ஆகிய எல்லாம் இதில் சேரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு லாரி நிறையப் பஞ்சுப் பொதிகளை ஏற்றி அனுப்பினால், ஒரே நடையில் பெருஞ்சுமை போய்ச் சேரும். ஆனால் ஒரு கடிதத்தைக் கொடுத்துப் பதில் வாங்கி வர, அந்த லாரியைவிட ஒரு மோட்டார் சைக்கிள் முந்திக்கொள்ளும். லாரிக்குக் கொள்ளளவு அதிகம். மோட்டார் சைக்கிளுக்குச் சுணக்கம் குறைவு. கடிதம் பெறுபவர் வீட்டில் இல்லாமல் ஒரு மணி நேரம் காக்க நேர்ந்தால், அது சாலையின் குறையுமன்று, வண்டியின் குறையுமன்று. மறுமொழி நேரத்தை மட்டும் பார்த்துச் சாலையைப் பழிப்பதும், சாலையை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்பதும் ஒரே வகைத் தவறுகள்.

இவற்றோடு நான்காவதாகப் பயன்பாட்டு விகிதம் என்னும் அளவும் உண்டு. ஒரு கம்பியோ செயலியோ மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது என்பது இது. டென்மார்க்கைச் சேர்ந்த ஏ. கே. எர்லாங் 1909ஆம் ஆண்டில் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாடு இதற்கு அடிப்படை. அதன் மிக எளிய வடிவத்தின்படி, 50 சதவீதப் பயன்பாட்டில் ஒரு பணி முடிய ஆகும் நேரம் வெறுமையான நிலையில் ஆவதைப்போல் இரு மடங்கு. 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு. 90 சதவீதத்தில் பத்து மடங்கு. நேற்று வரை நன்றாக இருந்த அமைப்பு, சுமை சிறிதே கூடியதும் திடீரென நின்றுபோனது போலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

'உள்ளூர்' என்ற சொல்லின் முதற்பொருள்

ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசைப் பெருங்கணினிகளை அறிவித்தது. இவற்றில் வட்டு, நாடா, அச்சுப்பொறி போன்ற துணைக்கருவிகள் 'சேனல்' எனப்படும் தனித் தடங்களின் வழியாக இணைக்கப்பட்டன. 1970இல் சிஸ்டம்/370 வரிசை வந்தது. அவ்வரிசையைச் சேர்ந்த 370/155 கணினி 1973ஆம் ஆண்டில் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்டது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் தொடங்கப்பட்ட அக்கல்வி நிறுவனத்தின் கணினி மையம் தமிழகத்தில் பெருங்கணினிப் பயிற்சியின் முதன்மையான நாற்றங்காலாக விளங்கியது.

அக்காலத்தில் பெரும்பாலான பணிகள் துளையட்டைக் கட்டுகளாகக் கொடுக்கப்பட்டன. கட்டைக் கொடுத்ததிலிருந்து அச்சுத்தாள் கைக்கு வரும் வரை ஆகும் நேரமே பயனருக்குத் தெரிந்த ஒரே அளவு. அது மணிக்கணக்கில் இருந்தது. கணினியின் உள்ளே செயலி எவ்வளவு நேரம் உழைத்தது, எத்தனை முறை வட்டை நாடியது என்பதை 'எஸ்எம்எஃப்' எனும் பதிவேட்டு மென்பொருள் குறித்துவைத்தது. முதலில் இது யாரிடம் எவ்வளவு கட்டணம் வாங்குவது என்ற கணக்குக்காகவே பயன்பட்டது. திறனளவை என்பது கணக்குப்பிள்ளையின் பேரேட்டிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

1970களின் தொடக்கத்தில் ஐபிஎம் 3270 வகைத் திரை முனையங்கள் வந்தன. இவற்றில் 'உள்ளூர் இணைப்பு', 'தொலை இணைப்பு' என இரு வகைகள் இருந்தன. கட்டுப்பாட்டுப் பெட்டி பெருங்கணினியின் சேனலிலேயே நேரடியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அது உள்ளூர். தொலைபேசித் தடத்தின் வழியே சேர்க்கப்பட்டிருந்தால் அது தொலை. குறும்பரப்பு வலையமைப்பு என்ற கருத்து பரவுவதற்கு முன்பே பெருங்கணினி உலகில் 'உள்ளூர்' என்பதற்கு இருந்த பொருள் இது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 வரி, 80 பத்தி கொண்ட ஒரு திரையில் 1,920 எழுத்துகள் உள்ளன. எழுத்துக்கு 8 பிட் என்றால் மொத்தம் 15,360 பிட். நொடிக்கு 9,600 பிட் செல்லும் தொலைத்தடத்தில் ஒரு முழுத்திரை வந்துசேர 1.6 நொடி ஆகும். உள்ளூர்ப் பெட்டியிலிருந்து முனையத்துக்குச் செல்லும் கம்பியிலோ நொடிக்கு ஏறத்தாழ 23 இலட்சம் பிட் செல்லும். அதே திரை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும். ஆகவே உள்ளூர் முனையத்தில் ஒருவர் மூன்று நொடி காத்திருந்தால் அதற்குக் கம்பி காரணமாக இருக்க வாய்ப்பில்லை. காரணத்தைக் கணினிக்குள்ளேயே தேட வேண்டும்.

அத்தேடலுக்காக 1970களில் உருவானதே 'ஆர்எம்எஃப்' என்ற வள அளவை மென்பொருள். இது வட்டு போன்ற ஒவ்வொரு கருவியின் மறுமொழி நேரத்தையும் கூறுகளாகப் பிரித்துக் காட்டியது: கோரிக்கை கணினிக்குள் வரிசையில் நின்ற நேரம், தடம் கிடைப்பதற்காகக் காத்த நேரம், தடத்தை விட்டு விலகிக் கருவி தன் வேலையைச் செய்த நேரம், தரவு உண்மையில் கடந்த நேரம். மொத்தம் 40 மில்லிநொடி என்றால், அதில் 30 வரிசையில் நின்றதா, கருவி சுழன்றதா என்பது தெரிந்தது. ஒட்டுமொத்த எண்ணைக் கூறுபோட்டுக் காட்டுவது பிற்கால வலையமைப்பு அளவைகள் அனைத்துக்கும் முன்மாதிரியாயிற்று.

காத்திருப்பவரின் கடிகாரம்

கணினி தன் பங்கை அரை நொடியில் முடித்துவிட்டதாகப் பதிவேடு சொல்லும். முனையத்தின் முன் இருப்பவர் ஐந்து நொடி ஆயிற்று என்பார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். அவரவர் கடிகாரம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பிணக்கைத் தீர்க்க, 3274 கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே மறுமொழி நேர அளவி ஒன்று சேர்க்கப்பட்டது. பயனர் விசையை அழுத்திய கணத்திலிருந்து விடை வரும் வரை பெட்டியே நேரத்தை எண்ணியது. 'என்எல்டிஎம்' என்ற மென்பொருள் அந்த எண்ணிக்கைகளைப் பெருங்கணினிக்குத் திரட்டியது. 1986இல் வெளியான 'நெட்வியூ' தொகுப்பில் இதுவும் ஓர் உறுப்பானது.

இவ்வளவியின் சிறப்பு, அது சராசரியோடு நின்றுவிடாமல் இருந்தது. வரையறுக்கப்பட்ட நேர எல்லைகளுக்குள் எத்தனை மறுமொழிகள் விழுந்தன என்று தனித்தனித் தொட்டிகளில் எண்ணியது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அரை நொடியும் ஒருவருக்கு 10 நொடியும் ஆனால் சராசரி 1.45 நொடி. அந்தச் சராசரியை உண்மையில் அனுபவித்தவர் ஒருவருமில்லை. தொட்டிக் கணக்கில் அந்தப் பத்தாமவர் மறைய மாட்டார்.

காத்திருப்பு நேரத்தின் மதிப்பைத் தெளிவாக்கியவர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் வால்டர் டோஹர்ட்டி, தாதானி ஆகிய இருவர். அதுவரை இரண்டு நொடி மறுமொழி போதும், அந்நேரத்தில் பயனர் அடுத்து என்ன செய்வது என்று சிந்தித்துக்கொள்வார் என்ற எண்ணம் நிலவியது. 1982இல் வெளியிட்ட அறிக்கையில் இவர்கள் அதை மறுத்தனர். மறுமொழி ஒரு நொடிக்கும் கீழே குறையும்போது கணினியின் நேரம் மட்டுமன்றிப் பயனர் எடுத்துக்கொள்ளும் நேரமும் குறைகிறது. காக்கவைத்தால் சிந்தனைத் தொடர் அறுந்து, மீண்டும் தொடங்க அவருக்கு நேரமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதன்பின் ஒரு நொடிக்குட்பட்ட மறுமொழி என்பது பல நிறுவனங்களில் இலக்காகக் கொள்ளப்பட்டது.

கம்பியை அளந்தவர்கள்

இரண்டாம் மரபு கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் தொடங்குகிறது. ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில் ஈதர்நெட் என்ற பெயர் இடம்பெற்றது. ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வதும், இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் மோதி, பின்வாங்கி, மீண்டும் முயல்வதும் இதன் முறை. மோதல்கள் பெருகி வலையமைப்பு முடங்கிவிடாதா என்ற ஐயம் பலருக்கும் இருந்தது.

அந்த ஐயத்தை அளந்து பார்த்தவர்கள் ஜான் ஷாக், ஜான் ஹப் ஆகியோர். ஏறத்தாழ 120 கணினிகள் இணைந்த ஒரு ஈதர்நெட்டை நாள் முழுவதும் கவனித்து, 1980 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். நாளின் சராசரிப் பயன்பாடு கொள்ளளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. செயற்கையாகச் சுமையேற்றியபோதும் பெரிய பொட்டலங்களைக் கொண்டு 95 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடிந்தது. இருந்தும் ஈதர்நெட் 37 சதவீதத்தைத் தாண்டாது என்ற பேச்சு ஓயவில்லை. வேறொரு வகை வலையமைப்புக்கான கணிதத்தை இதற்குப் பொருத்தியதால் வந்த எண் அது. 1988இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் போக்ஸ், மோகல், கென்ட் ஆகிய மூவர் மீண்டும் அளந்து, அந்த நம்பிக்கையின் பிழையை விளக்கினர்.

இணைய நெறிமுறைகளில் அளவைக்கான வழிகள் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டன. 1983 மே மாதம் ஜான் போஸ்டெல் வெளியிட்ட ஆர்எஃப்சி 862, 863, 864 ஆகிய மூன்று சிறு ஆவணங்கள் மூன்று சேவைகளை வரையறுத்தன. வந்ததைத் திருப்பி அனுப்புவது ஒன்று. வந்ததை அப்படியே கீழே போடுவது ஒன்று. கேட்பவருக்கு எழுத்துகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பது ஒன்று. முதலாவதால் சுணக்கத்தையும், மற்ற இரண்டால் ஒவ்வொரு திசையிலும் கொள்ளளவையும் அளக்கலாம்.

அதே 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் எறிபொருள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 'பிங்' நிரலை எழுதினார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஒலியலைக் கருவியின் ஓசையே இப்பெயருக்குக் காரணம். 1984இல் அவரும் டெர்ரி ஸ்லாட்டரியும் 'டிடிசிபி' நிரலை உருவாக்கினர். இது ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றொன்றின் நினைவகத்துக்குத் தரவைக் கொட்டி, நொடிக்கு எவ்வளவு சென்றது என்று சொல்லியது. வட்டுகள் குறுக்கே வராததால் வலையமைப்பின் திறன் மட்டும் தனித்துத் தெரிந்தது.

இக்கருவிகளின் தேவையை 1986 அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்வு உறுதிப்படுத்தியது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தொலைவு 400 கெஜம். அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த கடத்தல் 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுபடவில்லை, கருவிகள் பழுதாகவில்லை. தொலைந்த பொட்டலங்களை எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் மீண்டும் மீண்டும் அனுப்பியதே நெரிசலை வளர்த்தது. வான் ஜேக்கப்சன் இதனை ஆராய்ந்து நெரிசல் தவிர்க்கும் முறைகளை வகுத்தார். பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் 'டிசிபிடம்ப்', வழியிலுள்ள ஒவ்வொரு தாவலையும் காட்டும் 'டிரேஸ்ரூட்' ஆகிய கருவிகளும் 1980களின் இறுதியில் அவருடைய பங்களிப்புடன் வந்தவையே.

இரு மரபுகளும் சந்தித்த இடம்

பெருங்கணினிக்கு இணைய நெறிமுறைகள் புதியவை அல்ல. 1969இல் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் மூன்றாவது கணுவாகச் சேர்ந்தது சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் 360/75 கணினி. ஆயினும் பரவலான பயன்பாடு 1980களின் நடுவில்தான் தொடங்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 'விஎம்' இயக்குதளத்துக்காக எழுதப்பட்ட 'விஸ்க்நெட்' என்ற மென்பொருள் ஐபிஎம் நிறுவனத்தின் டிசிபி/ஐபி விற்பனைப் பொருளுக்கு அடிப்படையாயிற்று. ஈதர்நெட் கம்பியையும் ஐபிஎம் 1985இல் கொண்டுவந்த டோக்கன் ரிங் வலையமைப்பையும் பெருங்கணினியின் சேனலோடு இணைக்க 8232, அதன்பின் 3172 ஆகிய இடைப்பெட்டிகள் பயன்பட்டன.

இங்கேதான் அளவைச் சிக்கல் முழு வடிவம் பெற்றது. ஒரு கோப்பைப் பெருங்கணினிக்கு அனுப்புவது மெதுவாக இருக்கிறது என்றால் காரணம் ஆறு இடங்களில் இருக்கலாம்: அனுப்பும் கணினி, ஈதர்நெட் கம்பி, இடைப்பெட்டி, சேனல், பெருங்கணினியின் டிசிபி/ஐபி மென்பொருள், கடைசியில் வட்டு. 8232 பெட்டிக்குள் இருந்தது மேசைக் கணினி வகைச் செயலி. இருபுறமும் விரைவான கருவிகள் இருந்து நடுவில் இப்பெட்டியே இடுக்காக இருக்கக்கூடும் என்பதைக் கம்பியின் கொள்ளளவை மட்டும் பார்த்தவர் அறிய முடியாது.

இடுக்கைக் கண்டுபிடிக்க, கருவிகளை வரிசையாகப் பயன்படுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கும் முறை நடைமுறையில் உருவானது. அது பின்வருமாறு:

1. அதே கம்பியிலுள்ள இரண்டு மேசைக் கணினிகளுக்கிடையே 'பிங்' அனுப்புதல். கம்பியின் சுணக்கம் தெரியும்.
2. மேசைக் கணினியிலிருந்து பெருங்கணினிக்கு 'பிங்' அனுப்புதல். முன்னதைவிடக் கூடுதலான நேரம் இடைப்பெட்டி, சேனல், பெருங்கணினியின் மென்பொருள் ஆகியவற்றுக்கு உரியது.
3. 'டிடிசிபி' போன்ற கருவியால் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவைச் செலுத்துதல். வட்டில்லாத கடத்தல் தெரியும்.
4. கோப்பு மாற்ற நெறிமுறையால், சேமிக்காமல் உதறிவிடும் வெற்றுக் கருவிக்கு ஒரு கோப்பை அனுப்புதல். ஐபிஎம் எம்விஎஸ் இயக்குதளத்தில் இதற்கெனத் தனிப் பெயரே உண்டு.
5. அதே கோப்பை உண்மையான வட்டுக்கு அனுப்புதல். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் உள்ள வேறுபாடு வட்டின் பங்கு.

இந்த ஐந்து எண்களும் கையில் இருந்தால், பழுது யாருடைய பொறுப்பில் உள்ளது என்ற வாக்குவாதம் பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடும். வலையமைப்புப் பிரிவும் கணினிப் பிரிவும் ஒன்றையொன்று குறைகூறிக்கொண்டிருந்த அலுவலகங்களில் இதன் பயன் சிறிதன்று.

பெருங்கணினிப் பக்கத்திலும் பதிவேடுகள் விரிந்தன. இணைய இணைப்புகளின் தொடக்கம், முடிவு, கடந்த பைட்டுகள் ஆகியவற்றை எஸ்எம்எஃப் முதலில் 118, பின்னர் 119 எனும் எண்ணுள்ள பதிவுகளில் எழுதத் தொடங்கியது. 'நெட்ஸ்டாட்' கட்டளை நடப்பிலுள்ள இணைப்புகளைக் காட்டியது. 1988இல் வரையறுக்கப்பட்ட 'எஸ்என்எம்பி' நெறிமுறையால் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளிலுள்ள எண்ணிகளை ஓரிடத்திலிருந்து படிக்க முடிந்தது.

இந்தியச் சூழல்

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குரிமையைக் கட்டுப்படுத்தியது. அதற்கு உடன்படாத ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு, 1975இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான கணினிப் பராமரிப்புக் கழகத்துக்கு வந்தது. இது சிஎம்சி என்ற பெயரால் அறியப்பட்டது. பல நிறுவனங்களின் கணினிகளைப் பேணும் வாய்ப்பு அதனால் ஒரே நிறுவனத்தின் பொறியாளர்களுக்குக் கிடைத்தது.

அதே சிஎம்சி உருவாக்கிய 'இம்ப்ரெஸ்' மென்பொருளைக் கொண்டு, 1985 நவம்பர் 15 அன்று புதுதில்லியில் இரயில்வே கணினி முன்பதிவு தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் அது வந்தது. இதில் பயன்பட்ட டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகள் இலக்கணப்படி பெருங்கணினிகள் அல்ல. ஆனால் ஒரே மையக் கணினி, நூற்றுக்கணக்கான முனையங்கள், நொடிகளில் விடை என்ற வகையில் பணியின் தன்மை பெருங்கணினிப் பணியே. அவற்றின் விஎம்எஸ் இயக்குதளத்தோடு, செயலி, வட்டு, வலையமைப்பு ஆகியவற்றின் சுமையைத் திரையில் காட்டும் 'மானிட்டர்' நிரலும், ஈதர்நெட் தடத்தில் கடந்த பைட்டுகளையும் மோதல்களையும் எண்ணும் எண்ணிகளும் வந்தன.

முன்பதிவில் சுணக்கத்தின் பொருள் வேறு. ராஜபாளையம் வழியாகச் செல்லும் பொதிகை விரைவு வண்டியில் ஓர் இடம் மிச்சமிருக்க, இரண்டு ஊர்களின் சாளரங்களில் ஒரே நேரத்தில் கோரிக்கை எழுந்தால், யாருடைய செய்தி முதலில் மையக் கணினியை அடைகிறதோ அவருக்கே இடம். ஒரு சாளரத்தின் தடம் இரண்டு நொடி மெதுவாக இருந்தால் அந்த ஊர்க்காரர் ஒவ்வொரு நாளும் பின்தங்குவார். மொத்தச் சராசரியில் இது தெரியாது. ஒவ்வொரு முனையத்தின் மறுமொழி நேரத்தையும் தனித்து அளந்தால்தான் தெரியும். தனித்தனித் தீவுகளாக இருந்த முன்பதிவு மையங்களை இணைக்க 'கிரிஸ்' நிறுவனம் உருவாக்கிய 'கன்சர்ட்' மென்பொருள் 1994 செப்டம்பரில் செகந்திராபாத்தில் செயற்பாட்டுக்கு வந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களின் இணைப்பும் நிறைவடைந்தது.

கல்வி நிறுவனங்களில் 'எர்நெட்' திட்டம் 1986இல் மின்னணுத் துறையாலும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியாலும் தொடங்கப்பட்டது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மும்பை தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத் துறை ஆகிய எட்டும் இதில் பங்குகொண்டன. மும்பை மையத்திலிருந்து இதற்கு வழிகாட்டிய சீனிவாசன் ரமணி 2014இல் இணையப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 1992 வாக்கில் இவை நொடிக்கு 9,600 பிட் செல்லும் வாடகைத் தடங்களால் இணைந்திருந்தன. வளாகத்துக்குள் நொடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் ஈதர்நெட்; வெளியே செல்ல அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வாசல். ஒரு மெகாபைட் கோப்பு வளாகத்துக்குள் ஒரு நொடிக்குள் போய்ச்சேரும். அதே கோப்பு வெளியே செல்ல 14 நிமிடம் பிடிக்கும். 'நெட் மெதுவாக இருக்கிறது' என்ற புகாரை உள்வலையா, வெளித்தடமா என்று பிரித்துப் பார்ப்பது அங்கே முதல் பாடமாக இருந்தாக வேண்டும்.

கம்பியில்லாத வலையமைப்பு

1999ஆம் ஆண்டின் இறுதியில் ஐபிஎம் பெருங்கணினிக்கான லினக்ஸ் நிரல்கள் வெளியாயின. அதனுடன் திறந்தமூல உலகின் அளவைக் கருவிகள் நேராகப் பெருங்கணினிக்குள் நுழைந்தன. ஹெவ்லெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் ரிக் ஜோன்ஸ் எழுதிய 'நெட்பெர்ஃப்', அமெரிக்கப் பல்கலைக்கழக வலையமைப்பு ஆய்வுக்குழு ஒன்று உருவாக்கிய 'ஐபெர்ஃப்' ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. நெட்பெர்ஃப் கருவியில் தொடர் ஓட்டம், கேள்வி–பதில் என இரு தனிச் சோதனைகள் உண்டு. முன்னது கொள்ளளவையும் பின்னது சுணக்கத்தையும் அளக்கும். இரு மரபுகளும் ஒரே நிரலுக்குள் இடம்பெற்றன எனலாம்.

2001இல் இசட்900 பெருங்கணினியில் 'ஹைப்பர்சாக்கெட்ஸ்' என்ற வசதி வந்தது. ஒரே பெருங்கணினியைப் பல பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் தனி இயக்குதளம் ஓடச் செய்வது வழக்கம். அப்பிரிவுகள் தம்முள் பேசக் கம்பியோ அட்டையோ தேவையில்லாமல், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவைப் படியெடுக்கும் உள்வலை இது. இயக்குதளங்களின் பார்வையில் இது ஒரு குறும்பரப்பு வலையமைப்பு. பொறியாளர் தொட்டுப் பார்க்க அங்கே எதுவும் இல்லை.

இதனால் அளவையின் பொருளே மாறியது. கம்பி இருந்தபோது அதன் கொள்ளளவு நிலையானது. நினைவகப் படியெடுப்பில் வேகம் செயலியைப் பொறுத்தது. செயலி வேறு வேலையில் மூழ்கினால் 'வலையமைப்பு' மெதுவாகும். ஆகவே எவ்வளவு தரவு கடந்தது என்பதோடு, அதற்குச் செயலியின் நேரம் எவ்வளவு செலவாயிற்று என்பதும் சேர்த்தே கூறப்படலாயிற்று. இசட்/விஎம் இயக்குதளத்துக்கான ஐபிஎம் அளவை அறிக்கைகளில் மூன்று வகைப் பணிகள் மாதிரியாகக் கொள்ளப்பட்டன: 200 பைட் கேள்விக்கு 1,000 பைட் விடை, ஒவ்வொரு முறையும் புதிதாக இணைந்து 64 பைட் கேட்டு 8 கிலோபைட் பெறுதல், 20 பைட் கேட்டு 20 மெகாபைட் பெறுதல். முதலாவது முனையப் பணியையும், இரண்டாவது இணையதளப் பணியையும், மூன்றாவது கோப்பு மாற்றத்தையும் ஒத்தவை.

அளவைகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்வது மிகப் பொதுவான பிழை. நொடிக்கு 10 மெகாபிட் என்பது 1.25 மெகாபைட்டே. தடத்தின் திறனைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கமாதலால், எட்டு மடங்கு ஏமாற்றம் எளிதில் நேரும்.

அடுத்தது, எட்ட முடியாத நூறு சதவீதத்தை எதிர்பார்ப்பது. ஈதர்நெட்டில் ஒரு முழுப் பொட்டலம் தலைப்புகள், இடைவெளி எல்லாம் சேர்த்து 1,538 பைட் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பயனருடைய தரவு அதிகபட்சம் 1,460 பைட். எனவே 100 மெகாபிட் தடத்தில் அளவைக் கருவி ஏறத்தாழ 95 என்று காட்டினால் அது குறையன்று. தடம் முழுத்திறனோடு உழைக்கிறது என்பதற்கான சான்று.

அளக்கும் செயலே சுமையாவதும் உண்டு. வேலை நேரத்தில் கொள்ளளவுச் சோதனை நடத்தினால் அது மற்றவர்களின் தடத்தை அடைத்துவிடும். நள்ளிரவில் நடத்தினால் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் காலை 11 மணிக்குச் சாளரத்தின் முன் நிற்பவரின் நிலையை அந்த எண் சொல்லாது. பல நாட்கள், பல நேரங்களில் எடுத்த சிறு அளவைகளே நம்பத்தக்கவை. அமைப்பு நன்றாக இயங்கும் காலத்திலேயே அளந்து எழுதிவைக்கவும் வேண்டும். உடல்நலத்தோடு இருக்கும்போது இரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாதவரின் நோயை எண்ணைக் கொண்டு மட்டும் அறிவது கடினம்.

இன்றைய பொருத்தம்

பெருங்கணினிகள் இன்றும் உலகின் பல பெரிய வங்கிகளில் இயங்குகின்றன. வேறு வகை மையக் கணினிகளைக் கொண்ட நிறுவனங்களிலும் சிக்கலின் அமைப்பு மாறவில்லை. ஓய்வூதியம் வாங்க வந்த முதியவரிடம் வங்கிச் சாளரத்தில் 'சர்வர் ஸ்லோ' என்று சொல்லும்போது, அந்த இரண்டு சொற்களுக்குள் கிளையின் உள்வலை, வெளித்தடம், மையக் கணினி, தரவுத்தளம் ஆகிய எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. எது காரணம் என்று அளக்காமல் கூடுதல் கொள்ளளவுள்ள தடத்தை வாங்கினால், காரணம் தரவுத்தளத்தில் இருக்குமானால், செலவு மட்டும் மிஞ்சும்; முதியவரின் காத்திருப்பு ஒரு நொடியும் குறையாது.

இத்துறையில் பயிற்சிக்கான வாய்ப்பு சிற்றூர்களுக்கும் வந்துள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கப்பட்டு, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் கல்வி நிறுவனத்தில், நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சார்ந்த 'டைஃபாக்' அமைப்பின் திட்டத்தில் வலையமைப்புப் பொறியியலுக்கான மையம் அமைக்கப்பட்டது. பெருங்கணினி அருகில் இல்லாத மாணவரும் இரண்டு பழைய மேசைக் கணினிகள், ஒரு கம்பி, கட்டணமின்றிக் கிடைக்கும் ஐபெர்ஃப், பிங் ஆகிய நிரல்கள் ஆகியவற்றைக் கொண்டு மேலே கூறிய ஐந்து படிகளில் முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே மாலையில் செய்து பார்க்கலாம். ஒரு பக்கத்து வட்டையும் சேர்த்துக்கொண்டால் ஐந்தாவதும் கைகூடும். எண்களை நாள், நேரம் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், 1970களில் எஸ்எம்எஃப் செய்த வேலையின் சிறுவடிவம் அதுவே.